அமெரிக்க வரலாற்றின் பெரிய திருப்புமுனை எது? என் பதில் 1877

இந்தக் கேள்விக்கு 1776 விடுதலைப் பிரகடனம், 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தது, 1941 பேர்ல் துறைமுகத் தாக்குதல் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். நான் 1877-ஐச் சொல்வேன். காரணத்தைச் சொல்ல ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற மனிதரிடமிருந்து தொடங்க வேண்டும்.

அவர் 1839-இல் தென் கரோலினாவின் போஃபர்ட் ஊரில் அடிமையாகப் பிறந்தவர். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது, அதே மாநிலத்தின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் தென் மாநிலப் படையின் 'பிளான்டர்' கப்பலை ஓட்டும் வேலை. 1862 மே 13 விடியற்காலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கியிருந்த நேரம் பார்த்து, தன் குடும்பத்தையும் மற்ற அடிமை மாலுமிகளையும் ஏற்றிக்கொண்டு கப்பலைக் கிளப்பினார். கேப்டனின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோட்டைக்கும் கொடுக்க வேண்டிய சங்கேத ஒலியைச் சரியாகக் கொடுத்து, சம்டர் கோட்டையையும் தாண்டி, வடக்குக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். பின்னாளில், தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டையே வாங்கி அதில் குடியிருந்தார்.

இது ஒரு தனிமனிதரின் வீரக் கதையோடு நின்றிருந்தால் நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன். 1865-இல் வந்த 13ஆம் சட்டத்திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-இல் 14ஆவது, அந்த மண்ணில் பிறந்தவருக்குக் குடியுரிமை தந்தது. 1870-இல் 15ஆவது, நிறத்தைக் காட்டி ஆண்களின் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. சில ஆண்டுகளுக்கு முன்வரை சந்தையில் விற்கப்பட்ட மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். தென் கரோலினாச் சட்டமன்றத்தின் கீழவையில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை. 1870-இல் மிசிசிப்பியிலிருந்து கறுப்பினத்தவரான ஹைரம் ரெவல்ஸ் நாட்டின் சட்டமன்ற மேலவையான செனட்டுக்குப் போனார். ஸ்மால்ஸ் 1875-இல் அதன் கீழவையான பிரதிநிதிகள் சபை உறுப்பினரானார். உலகில் வேறெங்கும் அடிமைத்தளையிலிருந்து அதிகாரத்துக்கு இவ்வளவு வேகமாக மக்கள் வந்ததாக நான் படித்ததில்லை.

இதை வன்முறையால் உடைக்க முயன்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 1873-இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் ஏராளமான கறுப்பினத்தவர் கொல்லப்பட்டனர். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களை 1876-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. பொருளாதார நெருக்கடியில் தவித்த வட மாநிலங்களும் இந்த விவகாரத்தில் களைத்துப்போயிருந்தன.

அந்த நிலையில்தான் 1876 அதிபர் தேர்தல் வந்தது. ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு மக்கள் வாக்கு அதிகம். ஆனால் அதிபரை முடிவுசெய்வது மாநிலவாரியாக அமையும் தேர்வாளர்களின் வாக்கு. அதில் வெற்றிக்கு 185 வேண்டும், அவரிடம் 184. மீதி 20 வாக்குகள் தகராறில். 15 பேர் குழு ஒன்று 8-க்கு 7 என்ற கணக்கில் அத்தனையையும், தெற்கின் கறுப்பின வாக்காளர்கள் நம்பியிருந்த குடியரசுக் கட்சியின் ஹேய்ஸுக்கே கொடுத்தது. எதிர்த்தரப்பு அதை ஏற்றுக்கொள்ள, தெற்கை அதன் போக்கில் விட்டுவிடுவது என்று திரைமறைவில் பேச்சு நடந்தது. 1877 ஏப்ரலில் தென் கரோலினா, லூசியானா அரசு மாளிகைகளைக் காத்துநின்ற மத்தியப் படை விலகியது. அத்தோடு அங்கிருந்த குடியரசுக் கட்சி ஆட்சிகளும் விழுந்தன.

எல்லாம் ஒரே நாளில் பறிபோகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்மால்ஸே 1880களிலும் பிரதிநிதிகள் சபையில் இருந்தார். ஆனால் தட்டிக்கேட்க மத்திய அரசு வராது என்பது தெரிந்துபோனதால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. மிசிசிப்பி 1890-இல் வாக்களிக்க வரியும் எழுத்தறிவுத் தேர்வும் கொண்டுவந்தது. லூசியானாவில் 1896-இல் பதிவாகியிருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904-இல் வெறும் 1,342. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

தென் கரோலினா 1895-இல் புதிய அரசமைப்பை எழுதியபோது அந்த அவையில் ஸ்மால்ஸும் ஓர் உறுப்பினர். தன் மக்களின் வாக்கைப் பறிக்காதீர்கள் என்று வயதான காலத்தில் எழுந்து வாதாடினார். தோற்றார். 14ஆம், 15ஆம் திருத்தங்கள் புத்தகத்தில் அப்படியேதான் இருந்தன. அவற்றுக்கு உயிர்கொடுக்க 1965 வாக்குரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. ஸ்மால்ஸின் மாநிலத்திலிருந்து அந்தக் காலத்தின் கடைசிக் கறுப்பின உறுப்பினர் 1897-இல் பிரதிநிதிகள் சபையை விட்டுப் போனார். அடுத்தவரான ஜிம் கிளைபர்ன் பதவியேற்றது 1993-இல்.