நோனி மரம்: இலை, பழம், வளர்ப்பு, கேட்டவங்களுக்கு என் பதில்

கேள்வி (வாழப்பாடி): அண்ணா, எங்க வேலியோரம் நிக்கிற மஞ்சணத்தியைத்தான் நோனின்னு விக்கிறாங்களா?

இல்லம்மா, ரெண்டும் சொந்தம், ஆனா மரம் வேற. மஞ்சணத்தி பழம் சின்னது, பழுத்தா கருத்துடும். நோனி உருளைக்கிழங்கு சைஸ் வரும், பழுத்தா வெளுத்து கொழகொழன்னு ஆயிடும், இலையும் நல்லா அகலமா பளபளன்னு இருக்கும். தென்கிழக்கு ஆசியாவுல இருந்து பசிபிக் தீவுங்க வரைக்கும் இருக்குற மரம், ஹவாய்க்கு பாலினேசியத் தீவுக்காரங்க படகுல கொண்டு போனது. விதைக்குள்ள காத்துப்பை இருக்கு, அதனால கடல்ல மிதந்து போயும் கரையேறி முளைக்கும்.

கேள்வி (சேலம் டவுன்): இலையை சமைக்கலாமா?

தாராளமா சமைக்கலாம், இதை யாருமே கேக்க மாட்டேங்கறாங்கன்னு எனக்கு வருத்தம். எல்லாரும் ஜூஸ் பாட்டில் பின்னாடியே ஓடுறாங்க, ஆனா பர்மாவுல இலையை கீரையா ஆக்கி சாப்பிடுறாங்க, தாய்லாந்துல ஹோர் மோக்னு மீனும் தேங்காப்பாலும் மசாலாவும் சேத்து ஆவியில வேகவைக்கிற பதார்த்தத்துக்கு அடியில இந்த இலையைத்தான் போடுவாங்க, லேசா கசக்கும், அந்த கசப்பு தேங்காய்க்கு அவ்ளோ பொருத்தம். கொழுந்தா பறிச்சு, நடு நரம்பை எடுத்துட்டு, கொதிதண்ணில ஒரு தடவை போட்டு வடிச்சு, பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டு பொரியல் பண்ணுங்க. பழம் அப்படி இல்ல, பழுத்தா புளிச்ச சீஸ் வாடை அடிக்கும், பசிபிக் தீவுங்கள்ல கூட சில இடத்துல பஞ்ச காலத்து சாப்பாடுதான் அது.

கேள்வி (ஓமலூர்): அப்பாவுக்கு கிட்னி பிரச்சனை, நோனி ஜூஸ் நல்லதுன்னு சொல்றாங்களே?

தயவுசெஞ்சு குடுக்காதீங்க. அதுல பொட்டாசியம் அதிகம், கிட்னி சரியில்லாதவங்களுக்கு அது வெளியேறாம ரத்தத்துல தங்கினா இதயத்தையே பாதிக்கும். ஜூஸ் குடிச்ச சிலருக்கு கல்லீரல் பாதிச்சதாவும் டாக்டர்கள் எழுதியிருக்காங்க. ஐரோப்பிய யூனியன் 2003-ல இந்த ஜூஸை அனுமதிச்சதே உணவாத்தான், மருந்தா இல்ல. ஏற்கனவே குடுத்திருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.

கேள்வி (ஏற்காடு): சார், காப்பி தோட்டத்துல நடுவுல வைக்கலாமா?

காப்பியும் நோனியும் ஒரே குடும்பம்தான், ஆனா ஏற்காட்டு குளிர் இதுக்கு ஆகாதுங்க, கீழ சேலத்துல நிலம் இருந்தா அங்க வைங்க. தண்ணி தேங்கக்கூடாது. கத்தரி, தக்காளி போட்டு வேர்முடிச்சு நூற்புழு (வேரை முடிச்சு முடிச்சா வீங்க வைக்கிற பொடிப் புழு) வந்த மண்ணு வேண்டாம், அது நோனியையும் விடாது.

கேள்வி (ஆத்தூர்): விதை போட்டு மாசக்கணக்கா ஆச்சு, முளைக்கலயே?

தோல் கெட்டி, அதான். நகவெட்டியால நுனியை லேசா கிள்ளிட்டு போடுங்க, சீக்கிரம் வரும். அவசரம்னா குச்சி வெட்டி நடுங்க, அதுவும் வேர் விடும்.