'அன்லிமிடெட்' என்றால் எவ்வளவு? கேள்வி பதில்

பொங்கோல் வாசகர்: அண்ணே, வீட்டில் 1 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 1 கிகாபிட்) ஃபைபர். மாதம் 4 டிபி (4,000 ஜிபி) ஓடுகிறது. வேகத்தைக் குறைத்துவிடுவார்களா?

பதில்: 4 டிபிக்கெல்லாம் பயப்படாதீர்கள். முழு வேகத்தில் ஓடினால் ஒன்பது மணி நேரத்தில் இறங்கிவிடும் அளவுதான் அது. சிங்கப்பூரில் வீட்டு ஃபைபருக்குப் பொதுவாக மாத வரம்பு கிடையாது. ஒப்பந்தத்தில் 'நியாயமான பயன்பாடு' என்ற பத்தியைப் படியுங்கள். அக்கம்பக்கத்துக்கு லைனை விற்பது, வீட்டு லைனில் வணிக சர்வர் நடத்துவது, இவைதான் சிக்கல். காசு கொடுத்து வாங்கியதை முழுதாகப் பயன்படுத்துவது குற்றமே இல்லை.

ஈசூன் வாசகர்: ராத்திரி 9 மணிக்கு வீடியோ திணறுகிறது. என் லைனை மட்டும் மட்டுப்படுத்துகிறார்களா?

பதில்: சோதித்துப் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. கணினியை கேட்5இ (Cat5e) நெட்வொர்க் கேபிளால் ரூட்டரில் நேரடியாகச் செருகுங்கள், வைஃபை வேண்டாம். விடியற்காலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும், சிங்கப்பூர் சர்வர் ஒன்று, அமெரிக்க சர்வர் ஒன்று என மூன்று நாள் அளந்து குறித்துவையுங்கள்.

இரவில் அமெரிக்க எண் மட்டும் சரிந்தால் வெளிநாட்டு லைனில் நெரிசல். இரண்டும் சரிந்தால் நெரிசல் உள்ளூரில். வீட்டு ஃபைபரில் பரவலாக உள்ள ஜிபான் (GPON) முறையில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ்ஸை, லைனைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வழியாகப் பல வீடுகள் பங்கிடுகின்றன. விடியற்காலையிலும் இரவிலும் ஒரே குறைந்த எண் வந்தால்தான் கம்பெனி வைத்த வரம்பைச் சந்தேகிக்கலாம். அந்த எண் 94 எம்பிபிஎஸ் (1 ஜிபிபிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை) அளவில் நின்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். நான்கு ஜோடிக் கம்பியில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடலாம். பலர் இதைப் பார்க்காமலேயே கம்பெனியை மாற்றிவிடுகிறார்கள்.

தெம்பனிஸ் வாசகர்: டோரண்ட் (பலரிடமிருந்து துண்டு துண்டாக ஃபைல் இறக்கும் முறை) போட்டால் வீட்டில் மற்றவர்கள் யாராலும் எதையும் திறக்க முடியவில்லை.

பதில்: ஆயிரக்கணக்கான இணைப்புகள் ரூட்டரின் நேட் (NAT) அட்டவணையை, அதாவது எந்த இணைப்பு எந்தக் கருவிக்கு என்று குறித்துவைக்கும் பட்டியலை, நிரப்பிவிடுகின்றன. டோரண்ட் செயலியின் அமைப்பில் மொத்த இணைப்பை 200 ஆக்குங்கள், அப்லோடை லைன் வேகத்தில் 80 விழுக்காட்டில் நிறுத்துங்கள். ரூட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது கம்பெனி பக்கத்து ஐபி முகவரி, 100.64 முதல் 100.127க்குள் தொடங்கினால் நீங்கள் பொது முகவரியைப் பலரோடு பகிர்கிறீர்கள். அங்கே கம்பெனி தரப்பிலும் போர்ட் (ஒரே நேர இணைப்புகளுக்கான வாசல் எண்) எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கலாம்.

உட்லண்ட்ஸ் வாசகி: கைப்பேசியில் 'அன்லிமிடெட்' பிளான். மாதக் கடைசியில் ஊர்கிறதே?

பதில்: பிளானின் சிறு எழுத்தில் ஒரு ஜிபி எண் இருக்கும். அதைத் தாண்டினால் வேகம் குறையும். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண்ணை விளம்பரத்திலேயே பெரிதாகப் போடுவதுதான் முறை.

ஜூரோங் வாசகர்: சோதித்துவிட்டேன், வரம்பு மாதிரித்தான் தெரிகிறது. யாரிடம் போவது சார்?

பதில்: முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சல் போடுங்கள், பேச்சோடு விடாதீர்கள். சிங்கப்பூரில் 2011இல் வந்த நெட் நியூட்ராலிட்டி (இணைய நடுநிலை) கொள்கைப்படி இணையக் கம்பெனிகள் சட்டபூர்வமான உள்ளடக்கத்தைத் தடுக்கக்கூடாது, நெட்வொர்க்கை எப்படி நிர்வகிக்கிறார்கள் என்பதையும் வெளியே சொல்ல வேண்டும். அதைக் குறிப்பிட்டு, உங்கள் லைனில் என்ன கட்டுப்பாடு இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். அளந்த எண்களை நேரத்தோடு இணைத்து அனுப்புங்கள். தீராவிட்டால் சிங்கப்பூர் மத்தியஸ்த நிலையம் நடத்தும் தொலைத்தொடர்புத் தகராறுத் தீர்வுத் திட்டத்துக்கு அதே கடிதங்களோடு போகலாம்.