காது கேட்காத மகளுக்கு ஓகேயு கார்டு எடுப்பது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம், 4 வயது மகளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, என்ன உதவி கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் ஓகேயு கார்டு, அதாவது மலேசிய அரசாங்கம் தரும் மாற்றுத்திறனாளி அட்டை. சமூகநல இலாகாவில் பதிய வேண்டும், கட்டணம் கிடையாது. உங்களுக்கு மாவட்ட அலுவலகம் கோலகங்சாரில். பிறப்புப் பத்திரம், பாஸ்போர்ட் அளவு படம், டாக்டர் கையெழுத்திட்ட விண்ணப்பப் பாரம் வேண்டும். பலரும் அலைவது இந்தப் பாரத்துக்காகத்தான். என் தங்கை மகனுக்கு, செவித்திறன் சோதனை முடிவு இல்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ் காசும் போச்சு, ஒரு நாள் சம்பளமும் போச்சு. அதனால் சோதனையை முடித்துவிட்டே பாரத்தை நீட்டுங்கள்.

கார்டு இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். காது மெஷினுக்கும் இலாகாவில் உதவி கேட்கலாம், வருமானம் பார்ப்பார்கள். அப்புறம், கல்வி அமைச்சின் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ந்தால் மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) அலவன்ஸ். பினாங்கில் 1954 முதல் செவித்திறன் குறைந்தோருக்கென்றே பள்ளி இருக்கிறது.

‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று பாட்டி சொல்வார். சட்டி மூடி விழுந்தும் பிள்ளை திரும்பவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். பேச்சு வரும் வயது இது.