கடைசி ரயிலுக்குப் பிறகு: மெட்ரோ, எல்ஆர்டி கேள்வி பதில்

வணக்கம். சிங்கப்பூரில் ரயில் சிக்னல் பராமரிப்பில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி இரவு ஷிஃப்ட். சிக்னல், மின்சாரம், தண்டவாளம், கதவு பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கட்டணம், பயண அட்டை, வேலைவாய்ப்பு எல்லாம் என் துறை இல்லை.

கேள்விகளுக்கு முன் ஒரு வேண்டுகோள். சுரங்கத்தில் ரயில் நின்றுவிட்டால், நீங்களாகக் கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்காதீர்கள். இன்று இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

செங்காங்வாசி: இரவு வேலை முடிந்து டாக்சிக்குக் கொடுத்தே சம்பளம் போகிறது. நியூயார்க்கில் விடிய விடிய ஓடுகிறதே, இங்கே ஏன் 24 மணி நேரமும் ரயில் இல்லை?

நியூயார்க்கில் பல தடங்களில் நான்கு பாதைகள் உண்டு. இரண்டை மூடி வேலை பார்த்துக்கொண்டு மற்ற இரண்டில் ரயிலை விடலாம். நமக்குப் போக ஒன்று, வர ஒன்று, அவ்வளவுதான்.

கடைசி ரயில் டிப்போவுக்குள் போனதிலிருந்து முதல் ரயில் கிளம்பும்வரை ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். அது முழுவதும் வேலைக்குக் கிடைக்காது. முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். கட்டுப்பாட்டு அறை "நிறுத்தியாச்சு" என்று சொன்னதும் யாரும் இறங்கிவிட மாட்டோம். ரயிலுக்கு மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளத்தில் சோதனைக் கருவியை வைத்துப் பார்ப்போம். தவறிப்போய் மின்சாரம் வந்தாலும் ஆளைத் தாக்காதபடி அதைச் சக்கரம் ஓடும் தண்டவாளத்தோடு இணைத்து வைப்போம். அப்புறம்தான் இறங்குவது. சாமான்களைத் தூக்கிக்கொண்டு சுரங்கத்தில் நடக்கிற நேரம் வேறு. கடைசியில் ஸ்பேனர் பிடிக்கக் கிடைப்பது இரண்டு, இரண்டரை மணி நேரம்.

திரும்பும்போது கொண்டுபோன கருவிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஒருநாள் எண்ணியபோது ஒரு ஸ்பேனர் குறைந்தது. மணி நான்கை நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் இன்னொருவரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு நானூறு மீட்டர் திரும்ப நடந்தோம். ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்டின் பக்கத்தில், கான்கிரீட் பள்ளத்தில் எண்ணெயும் இரும்புத் தூளும் கலந்த சேற்றுக்குள் கிடந்தது. வெளியே தெரிந்தது கைப்பிடியின் நுனி மட்டும்தான். அதை விட்டுவிட்டு வந்திருந்தால், காலையில் பாயிண்ட் முழுதாக நகராமல் நின்றிருக்கும். பிளாட்ஃபார்மில் நிற்பவர்களுக்கு "சிக்னல் கோளாறு" என்ற அறிவிப்பு மட்டும் காதில் விழுந்திருக்கும்.

2011 டிசம்பர் 15, 17 தேதிகளில் வடக்கு-தெற்குப் பாதை நின்றது நினைவிருக்கும். மூன்றாவது தண்டவாளத்தைத் தாங்கும் கொக்கிகள் கழன்று அது தொய்ந்துவிட்டது. ரயிலின் அடியில் மின்சாரம் வாங்கும் கட்டைகள் அதில் மோதிச் சேதமாயின. அந்தத் தடத்திலும் கிழக்கு-மேற்குத் தடத்திலும் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஏறத்தாழ 188,000 மர ஸ்லீப்பர் கட்டைகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டார்கள். 2016 கடைசியில்தான் முடிந்தது. பெரும்பாலும் இப்படி இரவு இரவாகச் செய்த வேலை. உங்கள் டாக்சி செலவு எனக்குப் புரிகிறது. ஆனால் இரவுப் பேருந்தைக் கேளுங்கள், இந்த மூன்றரை மணி நேரத்தைக் கேட்காதீர்கள்.

சுபாங்: கோலாலம்பூரில் எல்ஆர்டி என்கிறோம், எம்ஆர்டி என்கிறோம். இரண்டுமே பாலத்தில்தான் போகின்றன. என்ன வித்தியாசம்?

எல்ஆர்டி என்றால் இலகு ரயில், எம்ஆர்டி என்றால் பெருந்திரள் விரைவு ரயில். ஆனால் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். 1998இல் திறந்த உங்கள் கெலானா ஜெயா பாதைக்குப் பெயர் இலகு ரயில். ஆனால் சாலையை எங்கும் குறுக்கிடாது, ஓட்டுநர் கிடையாது. முன்னால் போகும் ரயில் எங்கே இருக்கிறது என்பதைத் தொடர்ந்து கணக்கிட்டு, பின்னால் வரும் ரயிலின் வேகத்தை முடிவு செய்யும் சிக்னல். பெட்டி சிறியது என்பதைத் தவிர அது முழு மெட்ரோதான். சிங்கப்பூரில் செங்காங், பொங்கோல் எல்ஆர்டிக்கு இரும்புச் சக்கரமே இல்லை, ரப்பர் டயர். உண்மையான இலகு ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் ஹாங்காங்கின் துன் மூன் பகுதிக்குப் போங்கள். 1988 முதல் ஓடுகிறது. தரைமட்டத்தில் வருகிறது, சாலைச் சந்திப்பில் கார்களோடு சிக்னலுக்கு நிற்கிறது, பிளாட்ஃபார்மில் கதவு போட்ட நுழைவாயில் கிடையாது.

ஒரு பாதையை எடைபோட இரண்டு கேள்வி போதும். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் எத்தனை பேரை ஏற்றும்? வழியில் சாலையைக் குறுக்கிடுகிறதா?

பரங்கிமலை: சென்னை மெட்ரோவுக்கு மேலே கம்பி. கொல்கத்தாவுக்குக் கீழே தண்டவாளத்தில் மின்சாரம். ஏன்?

கொல்கத்தா 1984இல் திறந்தது, 750 வோல்ட். சென்னை 2015இல், 25,000 வோல்ட். வோல்ட் குறைவு என்றால் அதே சக்திக்கு ஆம்பியர் அதிகம் ஓட வேண்டும். வழியில் வீணாவதும் கூடும், அதனால் துணைமின் நிலையங்களை நெருக்கமாக வைக்க வேண்டும். உயர் அழுத்தத்தில் அவற்றைத் தள்ளித் தள்ளி வைக்கலாம். ஆனால் சுரங்கத்தில் கம்பிக்கும், அதைச் சுற்றி விட வேண்டிய இடைவெளிக்கும் இடம் வேண்டும். சிங்கப்பூரிலேயே இரண்டும் உண்டு: 2003இல் திறந்த வடகிழக்குப் பாதைக்கு மட்டும் 1,500 வோல்ட் மேல்கம்பி, மற்ற எம்ஆர்டி பாதைகளுக்கு 750 வோல்ட் மூன்றாவது தண்டவாளம். அது தரையோடு தரையாக, உங்கள் முழங்காலுக்கும் கீழே இருக்கிறது. இறங்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

ராத்திரிப்பறவை: சனிக்கிழமை ஒருநாள் மட்டுமாவது விடிய விடிய விடலாமே?

செங்காங்வாசிக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். சனிக்கிழமை இரவும் தண்டவாளம் தேய்கிறது.

இயூனோஸ் அக்கா: கைப்பேசியால் ரயில் நிற்குமா? வட்டப்பாதையில் ஒருமுறை அப்படிச் சொன்னார்களே.

அக்கா, எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 2016 ஆகஸ்டிலும் நவம்பரிலும் வட்டப்பாதையில் ரயில்கள் திடீர் திடீரென்று சிக்னல் தொடர்பை இழந்தன. தொடர்பு போனால் ரயில் தானாக அவசர பிரேக் போட்டுவிடும். பாதுகாப்புக்காக அப்படித்தான் வடிவமைத்திருப்பார்கள். எந்த ரயில், எந்த இடம், எந்த நேரம் என்று எதிலும் ஒழுங்கே தெரியவில்லை. கைப்பேசி அலையாக இருக்குமோ என்று அந்தப் பாதையில் சேவையை நிறுத்திக்கூடப் பார்த்தார்கள். காரணம் அது இல்லை.

அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு ஆய்வாளர்கள் சம்பவங்களை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். ஒரு பக்கம் நேரம், இன்னொரு பக்கம் நிலையம். புள்ளிகள் சாய்கோடாக விழுந்தன. ஒரு ரயில் நின்றால், சற்று நேரத்தில் அடுத்த ரயில், அப்புறம் அதற்கும் அடுத்தது. ஏதோ ஒன்று எதிர்த்திசையில் நகர்ந்துகொண்டே பக்கத்தில் வருகிற ரயில்களைக் கெடுக்கிறது என்று புரிந்தது. ஆனால் அந்த ஒன்றின் பெயர் பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் இல்லை! நிலையங்களில் ரயில்கள் வந்துபோன வீடியோ பதிவுகளோடு ஒப்பிட்டபோது பிவி46 என்ற ரயில் சிக்கியது. அதிலிருந்து வந்த கோளாறான அலைதான் மற்ற ரயில்களின் தொடர்பை வெட்டியது. தான் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பாதிக்கப்பட்ட ரயில்களிலேயே தேடிக்கொண்டிருந்தால் அது கிடைத்தே இருக்காது.

உங்கள் கைப்பேசியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கிள்ளான் குமரன்: 2021இல் கேஎல்சிசி பக்கம் இரண்டு எல்ஆர்டி நேருக்கு நேர் மோதின. ஓட்டுநர் இல்லாத ரயிலை எப்படி நம்புவது?

மே 24 இரவு. 213 பயணிகளோடு வந்தது தானாக ஓடிய ரயில். எதிரே வந்தது, பழுதுக்குப் பிறகு ஊழியர் ஒருவர் கையால் ஓட்டிய காலி ரயில். அது போக வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் போய்விட்டது. கையால் ஓட்டும்போது பாதுகாப்பின் பெரும்பகுதி கட்டுப்பாட்டு அறைக்கும் ஓட்டுபவருக்கும் நடக்கும் பேச்சில்தான் இருக்கிறது. தானியங்கியிலிருந்து கைக்கும், கையிலிருந்து தானியங்கிக்கும் மாறுகிற நேரம்தான் எனக்கு எப்போதும் பயம்.

பழைய ஓட்டுநர்: எது நடந்தாலும் கடைசியில் ஓட்டியவன் தலையில் வந்து விழுகிறது. புகை வந்தால் உங்கள் மெஷினுக்கு மூக்கு இருக்கிறதா?

அண்ணே, உங்கள் தலையில் போடவில்லை. 2017 நவம்பர் 15 அன்று சிங்கப்பூர் ஜூ கூனில் நின்றிருந்த ரயிலை இன்னொரு ரயில் பின்னாலிருந்து இடித்தது. பழைய சிக்னலிலிருந்து புதியதற்கு மாறிக்கொண்டிருந்த காலம். பழுதான ஒரு சிக்னல் கருவியைத் தாண்டியபோது முன் ரயிலுக்கு இருந்த பாதுகாப்பு இடைவெளி கழன்றுவிட்டது. அதில் ஓட்டுநரின் பிழை ஒன்றுமில்லை, எங்கள் பக்கத்துப் பிழை. மூக்கு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. புகை உணரும் கருவி இருக்கிறது. ஆனால் "என்ன வாசனை இது?" என்று யோசிக்கிற ஆளுக்கு அது ஈடாகாது.

மாலா: உள்ளேயே இருங்கள் என்று மறுபடி மறுபடி சொல்கிறீர்கள். தென்கொரியாவின் டேகுவில் உள்ளே இருந்தவர்கள்தானே இறந்தார்கள்?

மாலா, இந்தக் கேள்விக்காக மற்றதையெல்லாம் ஒதுக்கிவைக்கிறேன்.

2003 பிப்ரவரி 18. ரயிலுக்குள் ஒருவர் எரிபொருளுக்குத் தீ வைத்தார். அந்த ரயில் ஜுங்காங்னோ நிலையத்தில் எரிந்துகொண்டிருக்கும்போதே எதிர்த்தடத்தில் இரண்டாவது ரயில் வந்து பக்கத்தில் நின்றது. தீ அதற்கும் தாவியது. இருக்கையும் உட்புறமும் எளிதில் எரியும் பொருள். மின்சாரம் நின்றது. இரண்டாவது ரயிலின் ஓட்டுநர் முதலில் பயணிகளை உள்ளேயே இருக்கச் சொன்னார். பிறகு முதன்மைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். சாவி போனதும் கதவுகள் மூடிக்கொண்டன. மொத்தம் 192 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் அந்த இரண்டாவது ரயிலில்.

நான் ஆரம்பத்தில் எழுதிய எச்சரிக்கை போதாது, ஒத்துக்கொள்கிறேன். சரியாகச் சொல்கிறேன். ரயில் நிலையத்தில் நிற்கிறது, தீயோ புகையோ தெரிகிறது: அறிவிப்புக்குக் காத்திருக்காமல் இறங்குங்கள். கதவு மூடியிருந்தால் அதன் பக்கத்தில் இருக்கும் அவசரக் கைப்பிடியை இழுங்கள். பிளாட்ஃபார்ம் கதவுக்கும் உள்பக்கம் கைப்பிடி உண்டு. அடுத்த முறை ஏறும்போது அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சுரங்க நடுவில் புகை என்றால் புகையில்லாத பெட்டிக்கு நடந்து போய் அவசரத் தொடர்புப் பொத்தானை அழுத்துங்கள். புகை கிடையாது, விளக்கு அணைந்துவிட்டது, ஏசி நின்றுவிட்டது என்றால் மட்டும்தான் உள்ளேயே இருங்கள் என்கிறேன். புழுக்கம் தாங்காது, தெரியும். 2011இல் ஒரு பயணி தீயணைப்புக் கருவியால் ஜன்னலை உடைத்தது அதனால்தான். ஆனால் கீழே மின்சாரம் உயிரோடு இருக்கலாம், பக்கத்துத் தடத்தில் ரயில் வரலாம். ஊழியர்கள் மின்சாரத்தை நிறுத்தியபின் ரயிலின் முனைக் கதவைத் திறந்து நடத்திக் கூட்டிப்போவார்கள்.

பழைய ஓட்டுநர்: சாவியை எடுத்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வண்டியை விட்டு இறங்கினால் சாவியை விட்டுவிட்டு வரக்கூடாது என்பது எங்களுக்குக் கையில் ஊறிய பழக்கம்.

நன்றி அண்ணே. இருபது வருடம் நல்ல பழக்கமாக இருந்தது ஒரு நிமிடத்தில் ஆளைக் கொல்லும் பழக்கமாகிவிடும். சாவியை எடுத்தால் கதவு மூடும்படி வண்டியை அமைத்ததையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். அதற்குப்பின் கொரியாவில் ரயில்களின் இருக்கை, உட்புறப் பொருட்களை எளிதில் தீப்பற்றாதவையாக மாற்றினார்கள். ஓட்டுநர் இருக்கிறாரா இல்லையா என்பதைவிட, உட்புறம் எரியுமா, கதவு உள்ளிருந்து திறக்குமா என்று கேளுங்கள்.

தஞ்சோங்: அட்டையில் இரண்டு முறை காசு பிடித்துவிட்டது.

நிலையத்தில் பயணிகள் சேவை முகப்பில் கேளுங்கள்.

புதியவன்: 24 மணி நேரமும் ஏன் ஓடுவதில்லை?

முதல் பதில். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

வரலாறு: ஆசியாவின் முதல் சுரங்க ரயில் எது? சென்னையில் டிராம் இருந்ததாமே?

பயணிகளுக்கான முதல் சுரங்கப்பாதை டோக்கியோவின் கின்சா பாதை. 1927 டிசம்பர் 30, உயேனோவிலிருந்து அசகுசாவரை. இன்றும் ஓடுகிறது. சென்னையில் மின்சார டிராம் 1895இலேயே வந்துவிட்டது, 1953இல் நிறுத்தினார்கள். கொல்கத்தாவிலும் ஹாங்காங்கிலும் ஓடிய அளவுக்குச் சென்னையில் நீடிக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஏழு வயது மகனுக்காக: ஓட்டுநர் இல்லாத ரயிலில் முன்னால் நின்று பார்க்க வேண்டுமாம். எதில் ஏறட்டும்?

வடகிழக்குப் பாதையில் முன் கண்ணாடி இருக்கிறது, ஆனால் தடம் முழுக்கச் சுரங்கம். சுரங்க விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து விழுவதைப் பார்க்கப் பிடிக்கும் என்றால் அதில் ஏறுங்கள். பகலில் ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி. 1999 முதல் ஓடுகிறது, தடம் அடுக்குமாடி வீடுகளுக்கு மிக நெருக்கமாகப் போகும். வீடுகளின் பக்கத்தில் வரும்போது பக்கவாட்டு ஜன்னல்கள் தாமாகவே மங்கி, தாண்டியதும் தெளியும் ஏற்பாடு அந்த ரயிலுக்கு உண்டு. குடியிருப்பவர்களின் வீட்டுக்குள் யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காக. பையனிடம் முன்பே சொல்லாதீர்கள், அவனே கண்டுபிடிக்கட்டும். காலை அலுவலக நேரம் முடிந்த பிறகு போனால் முன்னால் நிற்க இடம் கிடைக்கும்.