வாசகர் கேள்விகள்: 1024 எங்கே போனது?

மூளை ஸ்கேனைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருள் தந்த, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் இட்ட லேபிள் கோப்பை இடம் மிச்சம் பிடிக்க 8 பிட்டுக்கு மாற்றினேன். இடது ப்ரீசென்ட்ரல் பகுதியைக் காணோம். வலது பக்கம் வேறு எண் காட்டுகிறது. ஏன்?
– வாசகி, பாலக்கோடு

இடது ப்ரீசென்ட்ரலுக்கு ஃப்ரீசர்ஃபர் வைத்திருக்கும் எண் 1024. குறியில்லா 8 பிட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். பைத்தானின் எண் நூலகமான நம்பையில், எண் வகையை மாற்றும் ‘ஆஸ்டைப்’ கொடுத்து மாற்றினால், எல்லை தாண்டிய எண்ணுக்கு அது எச்சரிக்கை தராது. 256ஆல் வகுத்து மீதியை எழுதிவிடும். 1024க்கு மீதி 0. லேபிள் கோப்பில் 0 என்றால் பின்னணி, அதனால்தான் அங்கே ஓட்டை. வலது பக்கத்து 2024க்கு மீதி 232.

சில மென்பொருள்கள் 255உடன் நிறுத்திக்கொள்ளும். அது இன்னும் ஆபத்து. அதே பட்டியலில் 255 என்பது மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் முன்பகுதி. மூளைப் புறணி முழுவதும் அந்தப் பெயரில் போய்ச் சேரும், ஓட்டை விழாததால் கண்ணுக்கும் படாது.

மாற்றிய கோப்பிலிருந்து 1024ஐ மீட்க வழியில்லை. மூலக் கோப்பிலிருந்தே தொடங்குங்கள். இன்ட்16 (16 பிட் முழு எண்) போதும், 32767 வரை தாங்கும். 256×256×256 வாக்சலுக்கு (படத்தின் முப்பரிமாணப் புள்ளி) 8 பிட்டில் 16 எம்பி, 16 பிட்டில் 32 எம்பி. லேபிளில் ஒரே எண் நெடுக வருவதால் ஜிஜிப் அதை வெகுவாகச் சுருக்கிவிடும். இந்த மிச்சத்துக்காக எண்ணைப் பணயம் வைக்க வேண்டாம்.

59 எம்பி எஃப்எம்ஆர்ஐ (மூளை இயக்க ஸ்கேன்) கோப்பை, மூளைப் படங்களைப் படிக்கும் பைத்தான் நூலகமான நைபேபலில் திறந்து, புதுக் கோப்பாகச் சேமித்தால் 236 எம்பி ஆகிறது. மறுபடி இன்ட்16 ஆக்கலாமா?
– வாசகர், ஓசூர்

தரவைப் படிக்கும் ‘கெட் எஃப்டேட்டா’, வேறு வகை கேட்காதவரை ஃப்ளோட்64 (64 பிட் தசம எண்) தருகிறது. வாக்சலுக்கு 2 பைட் இருந்தது 8 ஆனது. பழைய ஹெடரை (தரவின் விவரம் உள்ள கோப்பின் தலைப்பகுதி) கொடுக்காமல் சேமித்ததால் அதுவே கோப்பிலும் இறங்கியிருக்கிறது. ஃப்ளோட்32 ஆக்குங்கள், 118 எம்பியில் முடியும். ஸ்கேனர் தரும் நுணுக்கத்துக்கு அது தாராளம்.

இன்ட்16தான் வேண்டுமென்றால் முதலில் பெருக்கியைப் புரிந்துகொள்ளுங்கள். ராயக்கோட்டை தக்காளி மண்டிச் சீட்டில் பெட்டி எண்ணிக்கை மட்டும் எழுதியிருந்தால், ஒரு பெட்டி எத்தனை கிலோ என்று தெரியாமல் எடை சொல்ல முடியாது. மூளைப் படக் கோப்பு வடிவமான நிஃப்டியும் அப்படித்தான்: கோப்பில் இருப்பது முழு எண், அதை ஹெடரில் உள்ள பெருக்கியான ஸ்லோப்பால் பெருக்கி, கூட்டு எண்ணான இன்டர்செப்டைக் கூட்டினால்தான் உண்மை மதிப்பு. தசம எண்களை இன்ட்16 ஹெடரோடு சேமித்தால் நைபேபல் இவ்விரண்டையும் தானே கணக்கிட்டு எழுதிவிடும். பெருக்கியைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படிக்கும் நிரல் தவறான அளவைத்தான் எடுக்கும்.

லேபிளை இப்படிச் சேமிக்காதீர்கள். இடது ஹிப்போகாம்பஸின் எண்ணான 17, திரும்பப் படிக்கையில் 16.999 போல வரலாம். ‘17க்குச் சமமா’ என்று தேடினால் ஒரு வாக்சல்கூடச் சிக்காது. முதலில் முழு எண்ணாக வட்டமிட்டு, தரவு, ஹெடர் இரண்டையும் இன்ட்16 ஆக்குங்கள். 0 முதல் 1 வரையுள்ள நிகழ்தகவுப் படமோ ஃப்ளோட்டிலேயே இருக்கட்டும். ஆஸ்டைப் கொடுத்து முழு எண்ணாக்கினால் 0.99கூட 0 ஆகிவிடும். ‘நான்’ (NaN, எண்ணே அல்லாத) மதிப்புகள் இருந்தால் மாற்றும் முன்பே அவற்றை 0 ஆக்கிவிடுங்கள், முழு எண்ணில் அவற்றுக்கு இடமில்லை.

மாற்றி முடித்ததும் இரண்டு கோப்புகளையும் திறந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். லேபிளில் வேறுபாடு 0 ஆகவே இருக்க வேண்டும். மற்றப் படங்களில் ஸ்லோப்பின் பாதியைத் தாண்டினால் எங்கோ தவறு.

ஹெடரின் 70ஆவது பைட்டில் உள்ள 4ஐ 16 என்று திருத்தினால் ஃப்ளோட் ஆகிவிடுமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

ஆகாது. அந்த எண் வகையின் பெயர் மட்டுமே. 4 என்றால் இன்ட்16, 16 என்றால் ஃப்ளோட்32. தரவு பழையபடியே கிடக்கும். படிக்கும் நிரல் வாக்சலுக்கு 4 பைட் எதிர்பார்க்கும், கோப்பில் இருப்பது 2. பக்கத்து வாக்சல்கள் இரண்டு சேர்ந்து பொருளற்ற ஒரு தசம எண்ணாகும், பாதி வழியில் கோப்பும் தீர்ந்துவிடும். எஃப்எஸ்எல் மென்பொருளின் எஃப்எஸ்எல்மேத்ஸ் கட்டளையில், வெளியீட்டு வகையைச் சொல்லும் ‘ஓடிடி ஃப்ளோட்’ கொடுத்தால் தரவும் ஹெடரும் சேர்ந்தே மாறும்.