கடாயில் டிவி தெரியுமா? – மொட்டை மாடி அண்ணாச்சி பதில்கள்

(தூத்துக்குடியில் 34 வருடம் டிவி ரிப்பேர் கடை நடத்திய அண்ணாச்சி, ஆன்டெனா, டிஷ், செட்டாப் பாக்ஸ் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, என் இரும்புக் கடாயை டிஷ் ஆக்கப்போகிறேன் என்று மாடிக்குத் தூக்கிப் போய்விட்டான். ரெண்டு நாளாக வீட்டில் வடை கிடையாது. இது நடக்கிற காரியமா?
– வாசகி, கோவில்பட்டி

நடக்கும் தாயி. அரைகுறையாக நடக்கும்.

டிஷ் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை, முகம் பார்க்கிற கண்ணாடிக்குச் சொந்தக்காரன்தான். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற செயற்கைக்கோளிலிருந்து வருகிற அலை, மேலே படும்போது ஒன்றுமே இல்லாத அளவுக்கு மெலிந்திருக்கும். அதை ஒரு வட்டம் முழுக்க வாங்கி, ஒரே புள்ளியில் குவித்துக் கொடுப்பது மட்டும்தான் டிஷ்ஷின் வேலை. உலோகமாக இருந்தால் போதும். கடாயில் எண்ணெய்ப் பிசுக்கு, அடியில் கரி எல்லாம் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். அலைக்கு அதெல்லாம் கண்ணில் படாது.

சிக்கல் வளைவில் இருக்கிறது. டிஷ்ஷின் வளைவு பரவளையம். கடாயோ பந்தில் வெட்டிய துண்டு. போன வாரம் உங்களுக்காகவே எதிர்வீட்டுச் சமையல்காரரிடம் ரெண்டடிக் கடாய் ஒன்றை இரவல் வாங்கி அளந்தேன். வாய் 60 சென்டிமீட்டர், ஆழம் 15. டிஷ் கணக்கு இதுதான்: அகலத்தை அகலத்தால் பெருக்கி, பதினாறு மடங்கு ஆழத்தால் வகுத்தால், அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் குவியும் என்று வரும். 3600-ஐ 240-ஆல் வகுத்தால் 15. ஆனால் கடாய் இந்தக் கணக்குக்கு அடங்காது. நடுவில் படுகிற அலை 19 சென்டிமீட்டர் உயரத்தில் கூடும். விளிம்பில் படுவது 6 சென்டிமீட்டரிலேயே கூடிவிடும். எல்என்பியை, அதாவது குவிந்த அலையை வாங்குகிற கருவியை, எங்கே வைத்தாலும் பாதி ஆள் வேறெங்கோ நிற்பான். கல்யாணப் பந்தியில் ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில் இலை போட்ட மாதிரி.

மூன்று மூங்கில் குச்சியை முக்காலி மாதிரி கட்டி, எல்என்பியைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டேன். 17, 18 சென்டிமீட்டர் உயரத்தில் செட்டாப் பாக்ஸில் சிக்னல் தரம் 30-ஐத் தொட்டது. சில சானல் வந்தது. ஒரு மேகம் வந்ததும் அதுவும் போனது.

பையன் பார்த்த வீடியோ ஐரோப்பாக்காரன் எடுத்ததாக இருக்கும். அங்கே செயற்கைக்கோள் அடிவானத்துப் பக்கம் தாழ்ந்து தெரியும், அதனால் சட்டி சுவரைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். நமக்கு டிடி ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15 செயற்கைக்கோள், கிட்டத்தட்ட 69 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கிறது. ஆகவே உங்கள் கடாய் மல்லாந்து படுத்துத்தான் கிடக்க வேண்டும். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், அடியில் ஓட்டை போடலாமா என்று கேட்பான். விடாதீங்க. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் சோதனை செய்து பார்க்கட்டும், திங்கட்கிழமை கடாய் அடுப்புக்கு வந்துவிட வேண்டும்.

பழைய குடைக்குள் அலுமினியம் ஃபாயில் ஒட்டி டிஷ் செய்தேன். பார்க்க ஜோராக இருக்கிறது. சிக்னல் சுத்தமாக இல்லை. ஃபாயில் மெல்லிசாக இருப்பதாலா?
– வாசகர், காரைக்குடி

ஃபாயில் மேல் பழி போடாதீங்க தம்பி. இந்த அலை உலோகத்துக்குள் ஒரு மைக்ரான்கூட இறங்காது. சமையலறை ஃபாயில் அதைப் போலப் பத்து மடங்கு தடிமன்.

குற்றவாளி குடைக்கம்பி. எட்டுக் கம்பிக்கு நடுவே துணி வளையாமல் தட்டையாக நிற்கும். ஃப்ரீ டிஷ் அலையின் நீளம் ரெண்டே முக்கால் சென்டிமீட்டர்தான். அதில் பதினாறில் ஒரு பங்குக்கு மேல், அதாவது ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல், மேடு பள்ளம் இருந்தால் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். உங்கள் குடையின் விளிம்பில் பள்ளம் விரல் தடிமனுக்கு இருக்கும். ஃபாயில் சுருக்கம் வேறு. அதே குடையை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குத் திருப்புங்கள். அந்த அலை பன்னிரண்டரை சென்டிமீட்டர், அதனால் எட்டு மில்லிமீட்டர் வரை கோணலைப் பொறுத்துக்கொள்ளும்; விளிம்பு உதவாவிட்டாலும் நடுப்பகுதி உதவும். வைஃபை டாங்கிளை நீளமான யுஎஸ்பி ஒயரில் மாட்டி, குடைக் காம்போடு கட்டி மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பளபளக்கிற குடையை மாடியில் வெயிலைப் பார்த்து விரித்து வைத்துவிட்டுக் கீழே இறங்காதீர்கள். அலையைக் குவிக்கிறதோ இல்லையோ, வெயிலை நன்றாகவே குவிக்கும். கம்பெனி டிஷ்ஷுக்கெல்லாம் மங்கலான சாம்பல் பெயின்ட் அடிப்பது அழகுக்காக இல்லை.

எல்என்பியையும் பால் பவுடர் டின்னில் செய்ய முடியுமா?
– வாசகர், விருதுநகர்

முடியாது. டின்னில் அதன் வாயை மட்டும்தான் செய்யலாம். உள்ளே இருக்கிற சர்க்யூட் 11 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பெருக்கி, கேபிளில் போகிற அளவுக்கு இறக்கித் தருகிறது. அது கடையில் வாங்க வேண்டிய சாமான்.

மீட்டர் இல்லாமல் டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்புவது? தென்கிழக்கு என்று சொன்னார்கள். நாள் முழுக்கத் திருப்பிக் கை வலித்ததுதான் மிச்சம்.
– வாசகர், நாகர்கோவில்

'தென்கிழக்கு' என்பது ரொம்பப் பெரிய ஊர் தம்பி. உங்கள் பக்கம் வடக்கிலிருந்து வலது சுற்றில் ஏறக்குறைய 116 டிகிரி. சென்னைக்காரருக்கு 134. சென்னையில் இருக்கிற மச்சான் போனில் சொன்ன திசையை வைத்தால் கை வலிக்கத்தான் செய்யும்.

சூரியனையே மீட்டராக வைத்துக்கொள்ளலாம். வருடத்தில் ரெண்டு தடவை, மார்ச் 16-ஐ ஒட்டியும் செப்டம்பர் 27-ஐ ஒட்டியும், நம் தென்மாவட்டங்களிலிருந்து பார்த்தால் சூரியன் இந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். மார்ச்சில் காலை பதினொன்றே கால் வாக்கில். செப்டம்பரில் பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால். அந்த நாட்களில் சில நிமிடம் எல்லார் வீட்டிலும் படம் உடைந்து போகும், வாடிக்கையாளர்கள் என்னைத் திட்டுவார்கள். நானோ அந்த நேரத்துக்காகச் சாக்கட்டியோடு மாடியில் காத்திருப்பேன். நேராக ஒரு கம்பை நட்டு, நிழல் விழுகிற கோட்டைத் தரையில் வரைந்துவிட்டால் போதும். நிழலுக்கு நேர் எதிர்த்திசையில் செயற்கைக்கோள். கடாய் மாதிரி நடுவில் எல்என்பி தொங்குகிற டிஷ் என்றால் இன்னும் சுலபம்: எல்என்பியின் நிழல் சட்டியின் மையத்தில் விழ வேண்டும். கீழ் விளிம்பிலிருந்து கை நீட்டி நிற்கிற கம்பெனி டிஷ்ஷுக்கு இந்த ரெண்டாவது வித்தை பலிக்காது.

இன்னொரு விஷயத்தை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். டிஷ் சரியாக இருந்தும் சிக்னல் வரவில்லை என்றால் எல்என்பியை அதன் கழுத்திலேயே உருட்டுங்கள். சென்னையில் ஏறக்குறைய 45 டிகிரி சாய வேண்டும். உங்கள் ஊரில் 60-க்கு மேலேயே போகும். பெட்டியில் போட்டிருக்கிற படத்தைப் பார்த்து நேராக மாட்டியிருப்பீர்கள். ஒரு ஆள் கீழே டிவி முன்னால் இருந்து சத்தம் கொடுக்க, நீங்கள் மேலே கொஞ்சம் கொஞ்சமாக உருட்ட வேண்டும். பக்கத்தில் மின்கம்பி போனால் இரும்புக் குழாயோடு மாடியில் விளையாடாதீர்கள்.

நீங்களே டிஷ் செய்ததுண்டா அண்ணாச்சி?
– வாசகர், சிவகாசி

1992-ல் செய்தேன். அதற்கு முன்னால் ரூபவாகினி டிவி காலம். 1982-ல் இலங்கையில் அது தொடங்கியதும் தூத்துக்குடியில் மாடிக்கு மாடி இரும்புக் குழாய் முளைத்தது. மீன் முள் ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தவனுக்கு ஸ்டார் டிவி வந்ததும் கை அரித்தது. ஆசியாசாட்-1 செயற்கைக்கோள், சி பேண்ட் என்கிற நீளமான அலை, எட்டடி டிஷ் வேண்டும். வாங்கக் காசில்லை.

வெல்டிங் பட்டறையில் ராடை வளைத்துச் சட்டம் செய்தோம். சிமென்ட் தரையில் ஆணியும் நூலும் வைத்துப் பரவளையம் வரைந்து, ஒவ்வொரு ராடையும் அதன் மேல் படுக்கவைத்துப் பார்த்தோம். அது வரை சரி. மேலே போர்த்த ஒரு அங்குலக் கண் உள்ள கோழி வலையை வாங்கிவிட்டேன். டிவியில் வெறும் புழுதி. சி பேண்ட் அலை ஏழரை சென்டிமீட்டர். வலைக் கண் அதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது அப்போது தெரியாது. அலை பாதிக்கு மேல் கண் வழியாக ஒழுகிப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு அடிக்கிற அலுமினியக் கொசு வலையை அதன் மேல் போர்த்திக் கட்டுக்கம்பியால் தைத்தோம். ராத்திரி ஒன்பது மணிக்குப் படம் தெளிந்தது. தெருவே மாடியில் நின்றது. ஆடிக் காற்றில் வலை ரெண்டு தடவை கிழிந்தது, தைத்துக்கொண்டே ஓட்டினேன்.

பிறகுதான் படித்தேன்: 1975-76-ல் நம் இஸ்ரோ, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டியபோது வைத்ததும் மூன்று மீட்டர் வலை டிஷ்தான். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. இதே ஒளிபரப்பை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்துகொண்டு, வீட்டில் செய்த டிஷ்ஷால் பிடித்தார் பிபிசி பொறியாளர் ஸ்டீவன் பிர்க்கில். ஆந்திராவுக்கும் ஒடிசாவுக்கும் போன விவசாய நிகழ்ச்சி குளிரில் நடுங்குகிற ஊரில் தெரிந்திருக்கிறது. எனக்குக் கடல் தாண்டி ரூபவாகினி தெரிந்ததற்கே வீட்டில் பெருமை!

துருப்பிடித்த பழைய டிஷ் ஒன்று மாடியில் கிடக்கிறது. ரெண்டு இடத்தில் ஓட்டை. தேறுமா?
– வாசகி, திருச்செந்தூர்

குடை, கடாய் எல்லாவற்றையும்விட இது தேறும். சட்டி நெளியாமல் இருந்தால் ஓட்டை மேல் அலுமினிய ஃபாயில் டேப்பை இழுத்துச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். நெளிந்திருக்கிறதா என்று பார்க்க, விளிம்புக்கு விளிம்பு குறுக்கே ரெண்டு நூல் கட்டுங்கள்; நடுவில் ரெண்டும் தொட்டுக்கொண்டால் நெளியவில்லை. அதில் மோர் மிளகாய் காயப்போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.