சாவியைப் பிடித்து வைத்தால் முன்பணம் கரையும்

கேள்வி: சென்னை எம்.ஆர்.சி. நகரில், கடலைப் பார்த்த ஒரு சொகுசு அடுக்ககத்தில் மாதம் ₹1,25,000 வாடகைக்குக் குடியிருந்தோம். முன்பணம் ₹10 லட்சம். ஒப்பந்தம் 36 மாதங்களுக்கு. அதில் முதல் 18 மாதங்கள் காலி செய்யக் கூடாது என்ற ‘லாக்-இன்’ நிபந்தனை உண்டு. நீச்சல் குளம் ஏழு மாதங்கள் மூடிக் கிடந்தது, ஜெனரேட்டர் பாதி நேரம் ஓடவில்லை, குடியிருப்போர் சங்கத்தினர் எங்களை ‘வாடகைக்கு வந்தவர்கள்’ என்று இளக்காரமாக நடத்தினார்கள். மனம் வெறுத்து, இரண்டு மாத முன்னறிவிப்பை வாட்ஸ்அப்பில் கொடுத்துவிட்டு, 14 மாதங்கள் முடிந்ததும் நுங்கம்பாக்கத்துக்கு மாறிவிட்டோம். உரிமையாளர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் சார்பில் இங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மைத்துனர், லாக்-இன் மீதிக்கு ₹5 லட்சம், பெயின்ட், மார்பிள் கறைக்கு ₹1.8 லட்சம் போக ₹3.2 லட்சம்தான் தருவேன் என்கிறார். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால்தான் சாவியை வாங்குவாராம். முழுப் பணமும் வரும்வரை சாவியைக் கொடுப்பதில்லை என்று நானும் மூன்று மாதங்களாகப் பிடித்து வைத்திருக்கிறேன். வாடகையில் 2 சதவீத வரி பிடித்து ஒழுங்காகக் கட்டிய எங்களுக்கா இந்த நிலை? மோசடி வழக்குப் போட முடியுமா?

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் சட்டத்தின் கண்ணில் படுவது கடைசியில் வரும் ஒரே வரிதான். சாவி இன்னும் உங்களிடம் இருக்கிறது.

நீச்சல் குளம், ஜெனரேட்டர், சங்கத்தினரின் நடத்தை ஆகியவற்றை ஒதுக்கி வையுங்கள். குடியிருந்த காலத்தில் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காமல் முழு வாடகையும் செலுத்திவிட்டு, காலி செய்த பிறகு சொல்லும் குறைகளுக்கு நீதிமன்றத்தில் எடை மிகக் குறைவு. மோசடி வழக்கும் நிற்காது. பணம் வாங்கிய நாளிலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது குற்றமாகும். காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து, இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள். எட்டு மாத வாடகையை முன்பணமாக வாங்கியதே சட்டவிரோதம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாகச் சொன்னாலும், இருதரப்பும் வேறு விதமாக உடன்பட்டிருந்தால் அதற்கு இடம் கொடுக்கிறது. நீங்கள் உடன்பட்டுக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்.

லாக்-இன் நிபந்தனையைப் பொறுத்தவரை நீங்கள் அஞ்சும் அளவுக்கு ஒன்றும் இல்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். உங்கள் 36 மாத ஒப்பந்தமோ முத்திரைத்தாளில் எழுதியதோடு நிற்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவாகவில்லை, வாடகை அதிகாரியிடமும் பதிவாகவில்லை. பதிவில்லாத அந்தத் தாளை வைத்துக்கொண்டு மீதி நான்கு மாத வாடகையை உரிமையாளர் அப்படியே வசூலித்துவிட முடியாது. நிபந்தனை செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி அவருக்குக் கிடைக்கக்கூடியது நியாயமான இழப்பீடுதான். அடுத்த வாடகைதாரர் வருவதற்கு ஒன்றிரண்டு மாதங்கள் ஆகும் என்று கணக்கிட்டால், அந்த அளவில்தான் தொகை நிற்கும். எனவே ₹5 லட்சம் என்பது பேரத்தைத் தொடங்குவதற்குச் சொன்ன எண்.

ஆனால், வலுவான இந்த நிலையை நீங்களே மூன்று மாதங்களாகக் கெடுத்துக்கொண்டு வருகிறீர்கள். குத்தகை முடிந்ததும் சுவாதீனத்தை, அதாவது வீட்டின் கைவசத்தை, உரிமையாளரிடம் ஒப்படைப்பது வாடகைதாரரின் கடமை என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவில் சொல்கிறது. முன்பணம் வரவில்லை என்பதற்காக வீட்டைப் பூட்டி வைத்துக்கொள்ளும் உரிமையை அச்சட்டம் எங்கும் தரவில்லை. நீங்கள் குடும்பத்தோடு நுங்கம்பாக்கத்தில் வசிக்கிறீர்கள் என்பது நீதிமன்றத்துக்குப் பொருட்டே அல்ல. பூட்டு உங்களுடையதாக இருக்கும்வரை சுவாதீனமும் உங்களுடையது, வாடகையும் உங்கள் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். மூன்று மாதங்களுக்கு ₹3,75,000 ஏறிவிட்டது. இன்னும் ஐந்து மாதங்கள் இப்படியே போனால் பத்து லட்சமும் தீர்ந்துவிடும். அத்துடன், காலி செய்கிறேன் என்று நீங்கள் கொடுத்த வாட்ஸ்அப் அறிவிப்பையே எதிர்த்தரப்பு சாட்சியமாக்கி, வாடகை முடிந்த பிறகும் வீட்டை விடாமல் இருந்தார் என்று வாதிட்டால், 2017 சட்டப்படி இருமடங்கு வாடகையில் தொடங்கும் இழப்பீட்டைக் கேட்க அவர்களுக்கு வழி பிறக்கும். முன்பணத்தை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த ஒரு மாதம் எண்ணத் தொடங்குவதும் வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்துதான். இன்றைய தேதியில் உரிமையாளர் தவணை தவறியவராகக்கூட ஆகவில்லை.

அண்ணா நகரில் பெரிய வீடு ஒன்றில் இருந்த என் கட்சிக்காரர் ஒருவர், இதே எண்ணத்தில் பதினோரு மாதங்கள் சாவியை அலமாரியில் வைத்திருந்தார். கொடுத்த முன்பணம் ஆறு மாத வாடகைக்குச் சமம். வழக்குத் தொடுக்க என்னிடம் வந்தபோது, வாங்க வேண்டியவராக இருந்தவர் ஐந்து மாத வாடகை கொடுக்க வேண்டியவராக மாறியிருந்தார். சாவியைத் தன் பிடிமானம் என்று அவர் கடைசிவரை நம்பினார். அந்தக் கோப்பை நான் மிகுந்த வருத்தத்தோடுதான் மூடினேன்.

ஆகவே இந்த வாரமே ஒப்படையுங்கள். மைத்துனர் கேட்கும் ‘கோரிக்கை இல்லை’ கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம். ‘என் முன்பண உரிமைக்குப் பாதகமின்றி ஒப்படைக்கிறேன்’ என்ற வாசகத்தோடு, நாளும் நேரமும் குறித்து, உரிமையாளருக்கு மின்னஞ்சலிலும் மைத்துனருக்கு ஒப்புகையுடன் கூடிய அஞ்சலிலும் அறிவிப்பு அனுப்புங்கள். அந்த நாளில் இரண்டு சாட்சிகளோடு சென்று, மின் மீட்டரின் அளவு, சாவிகளின் எண்ணிக்கை, நுழைவு அட்டைகள், கார் ஸ்டிக்கர் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். காவலர் அறையின் வருகைப் பதிவேட்டிலும் உங்கள் பெயர் இருக்கட்டும். சமையலறை மேடையின் இத்தாலிய மார்பிளில் இருக்கும் அந்த மஞ்சள் கறையை, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அது ஒரு கைப்பிடி அகலம்கூட இல்லை. பாலிஷ் போட்டால் போகக்கூடிய கறைக்கு மேடை முழுவதையும் மாற்றும் செலவைக் கேட்கிறார்கள். நியாயமான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல. அவர் சாவியை வாங்க மறுத்தால், மறுத்ததையும் பதிவு செய்து அன்றே அஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பிறகு அந்த நாளைத்தான் நாம் ஒப்படைத்த நாளாக வாதிடுவோம்.

இனிச் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். 2 சதவீத வரி பிடித்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மாதம் ₹50,000க்கு மேல் வாடகை தரும் தனிநபர் பிடிக்க வேண்டிய விகிதம் அது, ஆனால் உரிமையாளர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால் மட்டுமே. உங்கள் ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில், வாடகை செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘என்.ஆர்.ஓ.’ என்று அச்சாகியிருக்கிறது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு அது. வெளிநாட்டில் வசிப்பவருக்குத் தரும் வாடகையில், தொகை எவ்வளவு சிறியதானாலும், கூடுதல் வரியும் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்தாக வேண்டும். போட் கிளப், எம்.ஆர்.சி. நகர், பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்கள் என்று எங்கே பார்த்தாலும் உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பது சாதாரணமாகிவிட்டது. வாடகைக்குப் போகிறவர்கள் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். 14 மாத வாடகை ₹17,50,000. நீங்கள் பிடிக்காமல் விட்ட 29.2 சதவீதம் ₹5,11,000. பிடிக்காமல் விட்ட பொறுப்பு உங்கள் மேல் விழுகிறது, அதற்கு மாதம் 1 சதவீதம் வட்டியும் உண்டு.

இதிலிருந்து மீள ஒரு வழி இருக்கிறது. அந்த வாடகையைத் தன் வருமானத்தில் காட்டி, கணக்குத் தாக்கல் செய்து, வரி கட்டிவிட்டேன் என்று உரிமையாளர் ஆடிட்டர் சான்றோடு காட்டினால், வரித் தொகை உங்களிடம் கேட்கப்படாது, வட்டி மட்டும் மிஞ்சலாம். அந்தச் சான்றை உங்களுக்குத் தர வேண்டியவரோ, நீங்கள் மோசடிக்காரர் என்று அழைக்கும் அதே உரிமையாளர்தான். அவர்மேல் வழக்குத் தொடுத்துவிட்டு அந்தக் கையெழுத்தை எதிர்பார்க்க முடியாது. வாடகை வரவுகள் அத்தனையும் நீதிமன்ற ஆவணங்களாக மாறும் நாளில், வரிக் குறைவும் கூடவே வெளியில் வரும். இதை வைத்து அவரை மிரட்டலாம் என்றும் எண்ண வேண்டாம். முதலில் பாதிக்கப்படப் போவது நீங்கள்தான். வழக்கை விரும்பும் கட்சிக்காரர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன்.

ஆகவே சமரசமாகப் போங்கள். ₹10 லட்சத்துக்கு வழக்குப் போட்டால் 3 சதவீத நீதிமன்றக் கட்டணமே ₹30,000 ஆகும். அதன்பிறகு ஆண்டுகள் எத்தனை என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். இரண்டு மாத வாடகையையும், பெயின்ட், பாலிஷ் செலவாக ஒரு ₹75,000ஐயும் விட்டுக்கொடுத்து ₹6,75,000 கேளுங்கள். ஆடிட்டர் சான்று உறுதியாகக் கிடைக்குமானால் ₹6 லட்சத்துக்கும் இறங்கி வரலாம். சான்று இல்லாமல் ₹7 லட்சம் கொடுத்தாலும் அது உங்களுக்குக் குறைவான தொகைதான். பேச்சு முடிந்ததும் அதை வாய்மொழியாக விட்டுவிடாமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத் தீர்வாக எழுதி வாங்குங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, மேல்முறையீடும் இல்லை, நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றலாம். உரிமையாளர் நேரில் வர முடியாவிட்டால், மைத்துனர் பெயரில் முறையான அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீங்கள் அனுப்பிய ஆவணக் கட்டில் அப்படியொரு பத்திரத்தின் நகல் இல்லை. அது இல்லாமல் அவரோடு எந்த உடன்பாட்டிலும் கையெழுத்திட வேண்டாம்.

நுங்கம்பாக்கத்து வீட்டின் உரிமையாளர் எங்கே வசிக்கிறார் என்பதை நீங்கள் எழுதவில்லை. அடுத்த மாத வாடகையை அனுப்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.